ஆலோசனை யார் பக்கம் நிற்கிறது?

சிறுவாடு என்ற சொல்லை இன்றைய மாணவிகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. அரிசிப் பானைக்குள், அஞ்சறைப் பெட்டிக்கு அடியில், கட்டாத பட்டுச் சேலையின் மடிப்பில் பெண்கள் பிறர் அறியாமல் சேர்த்துவைத்த காசு அது. ஆண் சேர்த்தால் சேமிப்பு, முதல், சொத்து என்றெல்லாம் பெயர் வரும். பெண் சேர்த்ததற்குப் பெயரிலேயே சிறுமை ஒட்டிக்கொண்டது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, எத்தனையோ வீடுகளில் சிறுவாடு முதன்முறையாகக் கூடத்துக்கு வந்தது. அதை மாற்றித்தரக் கணவரிடமோ மகனிடமோ கொடுக்க வேண்டிய நிலை. 'எங்களுக்கே தெரியாமல் இவ்வளவா' என்று ஆண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத் துணுக்குகள் பல மாதம் கைப்பேசிகளில் சுற்றின. தெரியாமல் வைக்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

ஒளித்துவைத்த பணத்துக்கு இரண்டு இழப்புகள் உண்டு. அது வளராது. இது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒளித்துவைத்த பணத்தைப் பற்றி எவரிடமும் யோசனை கேட்க முடியாது. நகைச் சீட்டில் போடலாமா, அஞ்சலகத்தில் போடலாமா, மகள் படிப்புக்கு எடுக்கலாமா, எடுத்தால் எனக்கு என்ன மிஞ்சும் என்று கேட்க வேண்டுமானால் முதலில் அது இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். சொன்ன கணமே அது வீட்டுப் பணமாகிவிடும்.

ஆகவே, பணம் குறித்துப் பெண்ணுக்கு ஆலோசனை சொல்பவர் யார், அவர் யார் பக்கம் நின்று சொல்கிறார் என்ற கேள்வியை வெறும் வரவு செலவுக் கேள்வியாக என்னால் பார்க்க முடியவில்லை. இது அறம் சார்ந்த கேள்வி. சான்றிதழ் பெற்ற நிதித் திட்டமிடுநரைப் பெண்ணியத் தொகுப்பொன்றில் பேசுவதா என்று உதட்டைச் சுழிக்கும் தோழிகள் எனக்கு உண்டு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வர்ஜீனியா வுல்ஃபின் 500 பவுண்டை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். 1929-இல் வெளியான அந்நூலின் கதைசொல்லிக்குப் பணம் வந்த வழியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோன அத்தை ஒருத்தி விட்டுச்சென்றது அது. செய்தியைக் கொண்டுவந்தது ஒரு வழக்கறிஞரின் கடிதம். வாக்குரிமை கிடைத்த அதே காலத்தில் வந்த அந்தப் பணமே தனக்குப் பெரிதாகப் பட்டது என்கிறாள் அவள். காலனியில் இருந்த அத்தையின் பணம் எங்கிருந்து வந்திருக்கும் என்பது வேறொரு கட்டுரைக்கான பொருள். இங்கே எனக்குப் படுவது இதுதான்: அவளுடைய 500 பவுண்டுக்குப் பின்னால் கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் ஆள் இருந்தது. நம் பெண்களுக்குச் சம்பளம் வந்து நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கடிதத்தை எழுதுகிறவர் இன்னும் வரவில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் என் மனம் தானாகக் குறளுக்குப் போகிறது. பொருட்பாலின் எழுபது அதிகாரங்களில் கணிசமானவை ஆலோசனையைப் பற்றியவை. யாரைத் துணைக்கொள்வது, எவரைத் தெரிந்து தெளிவது, ஒரு செயலில் இறங்குமுன் எதையெல்லாம் எண்ணிப் பார்ப்பது என்று அவை பேசுகின்றன. 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. கேட்பவர் அரசர், ஆண். பெண்ணின் சொல் அந்தப் பாலில் எங்கே வருகிறது என்று பார்த்தால் 91ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். 'பெண்வழிச் சேறல்'. அதற்கு அடுத்து வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது. மனைவி சொல் கேட்டு நடப்பது கள்ளுக்கும் சூதுக்கும் அருகில் வைத்துப் பேசப்படுகிறது. வள்ளுவர் மனைவி மயக்கத்தில் கடமை மறந்தவனைத்தான் சொல்கிறார் என்று உரையாசிரியர்கள் வழியில் விளக்கம் தருவார்கள். தரட்டும். வகுப்பில் அந்த விளக்கத்தை நானும் சொல்கிறேன். ஆனால் கணவன் சொல் கேட்டுப் பொருளை இழந்த மனைவியருக்கு எந்த அதிகாரத்திலும் எச்சரிக்கை இல்லை.

அப்படி இழந்தவள் நம் முதல் காப்பியத்தின் நாயகி. கோவலன் குலப்பொருளைத் தொலைத்துவிட்டு வீடு திரும்பி வெட்கம் என்கிறான். கண்ணகி சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். இருவரும் மதுரைக்கு நடக்கிறார்கள். இதுவரை கற்பின் கதையாகச் சொல்லிப் பழகிவிட்டோம். பொருளின் கதையாகச் சொல்லிப் பாருங்கள். கோவலன் மதுரையில் செய்தது தவறென்று சொல்ல ஒன்றுமில்லை. விற்க வேண்டிய பொருளுக்கு விலை மதிக்கத் தெரிந்தவனைத் தேடினான். நூறு கொல்லர் பின்தொடர வந்த அரண்மனைப் பொற்கொல்லனைக் கண்டான். இவனைவிடத் தகுதியுள்ளவன் ஊரில் யார்? அரசிக்கு அணியத் தகுந்த சிலம்புக்கு விலை சொல்ல முடியுமா என்று கேட்டான். அந்தக் கொல்லனுக்குத் தொழில் தெரியும், பதவி உண்டு, ஊர் மதிப்பு உண்டு. அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவன்தான் என்பது மட்டும் கோவலனுக்குத் தெரியாது. மதிப்பிடுகிறவனுக்கு அந்த மதிப்பீட்டில் என்ன ஆதாயம் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்று அறிந்தவள் கண்ணகி. அந்த அறிவு பயன்பட்டது கணவன் கொலையுண்ட பிறகு, அரசவையில். விற்கப் போகும்போது அவள் இடைக்குல மடந்தை வீட்டில் காத்திருந்தாள். சொத்து அவளுடையது, அதன் உள்ளீடு அறிந்தவள் அவள், விலை பேசப் போனவர்கள் இரண்டு ஆண்கள்.

நம் காலத்துக்கு வருவோம். பெரும்பாலான குடும்பங்களில் 'நிதி ஆலோசனை' சொல்பவர் முகவர். அத்தை மகன், பக்கத்துத் தெரு மாமா, ஓய்வுபெற்ற ஆசிரியர், இல்லையென்றால் வங்கிக் கிளையில் இருக்கும் சிரித்த முகத்துத் தம்பி. அவர்கள் ஆலோசனைக்குக் காசு கேட்பதில்லை. பாலிசி எடுத்தால் காப்பீட்டு நிறுவனம் அவர்களுக்குக் கமிஷன் தரும். சேமிப்பும் காப்பீடும் கலந்த மரபான பாலிசிகளில் முதல் ஆண்டு பிரீமியத்தில் கால் பங்கும் அதற்கு மேலும் கமிஷனாகப் போவது இத்துறையில் நெடுநாள் வழக்கம். அந்த வகைப் பாலிசி முதிரும்போது கிடைக்கும் வருவாய் ஆண்டுக்கு ஐந்து, ஆறு விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. குறைந்த பிரீமியத்தில் பெரிய தொகைக்குக் காப்பளிக்கும் டேர்ம் பாலிசியை அவர்கள் வாய் தவறியும் சொல்லாததற்குக் காரணம் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. பிரீமியம் சிறிது, ஆகவே கமிஷனும் சிறிது. அந்த மாமா கெட்டவர் என்பதும் என் வாதமில்லை. அவருக்கும் வீடு இருக்கிறது, மாத இலக்கு இருக்கிறது. அவர் விற்பனையாளர். விற்பனையாளர் என்று சொல்லிக்கொண்டு விற்றால் அதில் குறையொன்றும் இல்லை. ஆலோசகர் என்ற முகத்தோடு விற்பதில்தான் சிக்கல்.

நிதித் திட்டமிடல் என்ற தொழிலே இந்தச் சிக்கலிலிருந்து பிறந்ததுதான். 1969 டிசம்பரில் சிகாகோவில் கூடிப் பேசிய சிறு குழு ஒன்று, பொருளை விற்பதைவிட ஒரு குடும்பத்தின் மொத்த வரவுசெலவையும் பார்த்து வழி சொல்வதைத் தனித் தொழிலாக்க வேண்டும் என்று கிளம்பியது. அங்கிருந்து வளர்ந்ததுதான் சி.எஃப்.பி. என்ற சான்றிதழ். இந்தியாவில் அதை வழங்குவது எஃப்.பி.எஸ்.பி. என்ற தொழில்முறை அமைப்பு. முதலீடு, காப்பீடு, வரி, ஓய்வுக்காலம், வாரிசுரிமை என்று பலவற்றைப் படித்துத் தேர்வெழுதிப் பெறுவது.

ஆனால் தோழிகளே, சான்றிதழ் கல்விக்குத்தான் சாட்சி. அரண்மனைப் பொற்கொல்லனிடமும் அது இருந்திருக்கும். சி.எஃப்.பி. படித்த ஒருவர் வங்கியில் அமர்ந்து இலக்கு வைத்துப் பாலிசி விற்கவும் முடியும். கடப்பாடு வேறிடத்திலிருந்து வருகிறது. 2013-இல் செபி கொண்டுவந்த முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளின்படி பதிவு பெற்றவர், வாடிக்கையாளரின் நலனைத் தன் நலனுக்கு முன்னால் வைக்கச் சட்டத்தால் கட்டுப்பட்டவர். 2020-இல் செய்த திருத்தம் அதை இன்னும் இறுக்கியது: ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, பொருள் விற்ற கமிஷனும் வாங்கிக்கொள்ள முடியாது. அவர்களுடைய பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தரின் எண் ஏ.ஆர்.என். என்று தொடங்கும். இரண்டும் சட்டப்படியான தொழில்களே. எதிரில் இருப்பவர் எந்த எண்ணோடு வந்திருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் இரண்டாவது தேநீர் வேண்டாம்.

நியூசிலாந்தில் பிறந்த தத்துவவாதி அனெட் பேயர் 1986-இல் நம்பிக்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேற்கத்திய அறவியல், சமமான ஆண்கள் இருவர் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தையே எல்லா உறவுக்கும் மாதிரியாக வைத்துக்கொண்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. குழந்தை தாயையும், நோயாளி மருத்துவரையும், மனைவி கணவனையும் நம்புவதில் சமநிலை இல்லை. நமக்கு முக்கியமான ஒன்றை இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் தன் விருப்பப்படி பார்த்துக்கொள்ள விடுகிறோம். அதில் காயப்படும் வாய்ப்பும் அடங்கியிருக்கிறது. அப்படியானால் நல்ல நம்பிக்கையையும் கெட்ட நம்பிக்கையையும் எப்படிப் பிரிப்பது? பேயர் ஒரு சோதனை சொல்கிறார். இந்த உறவு நீடிப்பதற்கு மற்றவர் எதை நம்பியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியவந்தால், என் நம்பிக்கை அதற்குப் பிறகும் நிற்குமா? என் அச்சத்தையோ அறியாமையையோ நம்பித்தான் அவர் இருக்கிறார் என்று தெரிந்தால் அது குலைந்துவிடும். குலையத்தான் வேண்டும்.

கமிஷனை வெளிப்படையாகச் சொல் என்ற விதியை நான் இந்தச் சோதனையின் சட்ட வடிவமாகவே வாசிக்கிறேன். கட்டணம் வாங்கும் ஆலோசகரின் மதிப்பு அவர் கூடுதலாகச் சம்பாதித்துத் தரும் விழுக்காட்டில் இல்லை. சந்தை இந்த ஆண்டு எப்படிப் போகும் என்று அவருக்கும் தெரியாது. தெரியும் என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம். அவருக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்பதை மேசைமேல் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்க முடிகிறது என்பதே அவருடைய மதிப்பு.

இதற்கு எதிராகப் பெண்ணியத்துக்குள்ளிருந்தே ஒரு கேள்வி வரும். இத்தனை நாள் தந்தை, கணவன், மகன் சொன்னபடி கேட்டோம். இப்போது கட்டணம் கொடுத்து இன்னொருவர் சொன்னபடி கேட்பதா? நாமே கற்றுக்கொள்ளக் கூடாதா? இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1784-இல் எழுதிய அறிவொளி பற்றிய கட்டுரையில் இம்மானுவேல் கான்ட், எனக்காகப் புரிந்துகொள்ளப் புத்தகம், எனக்காக உணவை முடிவுசெய்ய மருத்துவர் என்று எல்லாம் காசுக்குக் கிடைக்குமென்றால் நானாக யோசிப்பது எதற்கு என்று மனிதர்கள் சோம்பியிருப்பதைக் கிண்டல் செய்தார். பெண்ணினம் முழுவதும் சுயமாக நடப்பதை ஆபத்தென்று நினைத்திருக்கிறது, காவலர்கள் அப்படி நினைக்க வைத்திருக்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி. காவலர் பற்றிய பாதி சரி. நடந்து பார்க்கப் பெண்ணுக்கு வாசற்கதவு திறந்திருந்ததா என்பதில் அவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

காவலரும் ஆலோசகரும் ஒன்றல்ல என்றே நான் கருதுகிறேன். காவலர் என் சார்பில் முடிவெடுக்கிறார், காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவரை நான் நீக்க முடியாது. ஆலோசகர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர், கையெழுத்து என்னுடையது, அடுத்த ஆண்டு அவரிடம் போகாமல் இருக்கலாம். அவரோடு பேசிவிட்டு வெளியே வரும்போது என் பணத்தைப் பற்றி முன்பைவிட எனக்கு அதிகம் தெரிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். தெரியவில்லை என்றால் அவரும் ஒரு காவலரே, மேசையில் எந்தச் சான்றிதழ் மாட்டியிருந்தாலும்.

எங்கள் கல்லூரியில் வேதியியல் துறைத் தோழி ஒருவர் சென்ற ஆண்டு இப்படி ஓர் ஆலோசகரிடம் போனார். வயது 46. சுயநிதிப் பிரிவு, ஓய்வூதியம் கிடையாது. இருபத்திரண்டு ஆண்டுச் சம்பளம் பெரும்பாலும் வீட்டுக் கடன் தவணைக்குப் போனது. வீடு கணவர் பெயரில். ஆண்டுக்கு மொத்தம் ₹60,000 பிரீமியத்தில் மூன்று எண்டோமென்ட் பாலிசிகள், கணவரின் பெரியப்பா மகன் போட்டுக்கொடுத்தவை.

முதல் அமர்வில் ஆலோசகர் பங்கு, ஃபண்ட் என்று எதுவும் பேசவில்லை. ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தார். என்ன இருக்கிறது, யார் பெயரில், நாமினி யார், இன்று என்ன பெறும், அதன்மேல் கடன் உண்டா. வீட்டில் போய் நிரப்பிவரச் சொன்னார். நிரப்ப மூன்று வாரம் ஆயிற்று. காகிதங்கள் இருக்கும் இரும்புப் பெட்டியின் சாவி எங்கே என்று கேட்பதற்கே ஒரு வாரம் போனதாகத் தோழி சொன்னார்.

இரண்டாம் அமர்வில் வந்த கேள்வி: உங்களுக்கு என்ன வேண்டும்? தோழி அடுக்கினார். மகனுக்குப் பொறியியல் படிப்பு, மகள் திருமணம், மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு அந்த அம்மா, "இதெல்லாம் அவங்களுக்கு. உங்களுக்கு?" என்று கேட்டாராம். இருபத்திரண்டு ஆண்டுச் சம்பளத்தில் இந்தக் கேள்வியை எவரும் அவரிடம் கேட்டதில்லை. கடைசியில் அவர் சொன்னது, "ரிட்டயர் ஆனப்புறம் எந்தப் பிள்ளை வீட்டுலயும் போய் நிக்காம இருக்கணும்." அந்த வாக்கியத்தை ஆலோசகர் கணக்காக்கிக் காட்டினார். இன்று ஒருவருடைய மாதச் செலவு ₹30,000 என்று கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் 12 ஆண்டில், ஓய்வுபெறும் 58 வயதில், அது ₹60,000. எழுபதில் ₹1,20,000. ஆசையாகவும் பயமாகவும் இருந்த ஒன்று இப்போது எண்ணாக இருந்தது. எண்ணோடு சண்டை போடலாம், கூட்டலாம், கழிக்கலாம். கவிதை எழுதுகிறவள் இதைச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் பெயரிட முடியாத பயத்துக்குச் சொல் கொடுப்பதைத்தானே நாங்களும் செய்கிறோம்?

ஆலோசகரின் கட்டணம் ₹15,000. சும்மா உட்கார்ந்து பேசுவதற்கா இவ்வளவு என்று வீட்டில் கேட்டார்கள். ₹60,000 பிரீமியத்தில் கால் பங்கு எவ்வளவு என்று தோழி ஒரு தாளில் போட்டுக் காட்டினார். இலவசமாகச் சொன்ன பெரியப்பா மகனுக்கு முதல் ஆண்டே போய்ச் சேர்ந்த தொகையும் அதுவேதான். பிறகு ஆண்டுதோறும் போனது தனி.

ஓரிடத்தில் ஆலோசகருக்கும் தோழிக்கும் உடன்பாடில்லை. நகையை வருவாய் தராத முதலீடு என்று ஆலோசகர் சொன்னார். பாடப்புத்தகப்படி சரி. செய்கூலி, சேதாரம் போக மிஞ்சுவது என்ன என்று பார்த்தால் நகைச் சீட்டு நல்ல சேமிப்பும் இல்லை. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டை விட்டு இறங்க வேண்டிய பெண் கையில் கொண்டுபோக முடிவது அது ஒன்றுதான். அடகுக்கடைக்காரர் கணவரின் கையெழுத்தைக் கேட்பதில்லை. அந்தப் பயன்பாட்டுக்கு எந்தத் திட்டமிடுநரின் கட்டத்திலும் பத்தி கிடையாது. தோழி அதைச் சொல்லியிருக்கிறார். எட்டு சவரனைத் தொடாமல் விட்டுவிடுவது, அதற்குத் தன் பெயரில் மட்டும் ஒரு லாக்கர் எடுப்பது என்று முடிவாயிற்று. ஆலோசனை இருவழிப் பாதையாக இருந்ததற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

படித்த ஆலோசகர் ஒருவர் இருந்தால் காதில் விழக்கூடிய சட்டச் செய்திகள் சில உண்டு. அவை வருத்தம் தரும் அளவுக்குப் பழையவை. திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் 1874-ஐச் சேர்ந்தது. அதன் 6ஆம் பிரிவின்படி, ஒருவர் தன் உயிர்மீது எடுக்கும் பாலிசியை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று அந்தப் பிரிவின் கீழ் குறித்துவிட்டால், அந்தப் பணம் அறக்கட்டளைச் சொத்தைப் போல அவர்களுக்காக நிற்கும். மோசடி நோக்கம் இல்லாதவரை கணவரின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. இந்து, முஸ்லிம் குடும்பங்களுக்கு இப்பிரிவு சென்னை மாகாணத்தில் 1913 டிசம்பர் 31-க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கே பொருந்தத் தொடங்கியது. நாட்டின் பிற பகுதிகளுக்கு 1923-இல்தான் வந்தது. நூறாண்டுக்கும் மேலாக நம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் இந்தப் பாதுகாப்பை, கடன் வாங்கித் தொழில் செய்கிற கணவர்களைக் கொண்ட எத்தனை பெண்கள் கேள்விப்பட்டிருக்கிறோம்? பாலிசி எடுக்கும்போதே கூடுதலாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

விடுதலைப் பத்திரமும் அப்படித்தான். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து 1989-இல் தமிழ்நாடு அரசு, அதுவரை மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005-இல் அது நாடு முழுமைக்கும் எல்லா மகள்களுக்கும் ஆனது. இவ்வளவு போராடி வந்த உரிமை, பதிவு அலுவலகத்தில் ஒரு காலை நேரத்தில், 'அண்ணன் செய்முறையை விட்டுடுவானா' என்ற ஒற்றை வாக்கியத்தில் கைமாறுகிறது. விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. உறவுக்கும் விலை உண்டு, சில சகோதரிகள் தெரிந்தே அதைக் கொடுக்கிறார்கள். விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்று தெரிந்து கொடுப்பது ஈகை. தெரியாமல் கொடுப்பதற்கு அந்தப் பெயர் பொருந்துமா என்பதே என் சந்தேகம். கையெழுத்துக்கு முன்னால் அந்த இடத்தின் இன்றைய மதிப்பு என்ன, அதில் உங்கள் பங்கு எவ்வளவு, அது இல்லாமல் உங்கள் முதுமை நடக்குமா என்று பக்கத்திலிருந்து கேட்க ஒருவர் வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் ₹15,000 கொடுக்க முடிந்தவர்களின் கதை என்பதை மறக்கவில்லை. செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் நாடு முழுவதற்கும் ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் பெருநகரங்களில். பின்னலாடை நிறுவனத்தில் வாரக்கூலி வாங்குகிற பெண்ணுக்கு, மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையை எதிர்பார்த்திருக்கும் அக்காவுக்கு இவர்கள் எந்த வகையில் உதவி? மாதம் ஐந்நூறு ரூபாய் எஸ்.ஐ.பி. போட்டால் விடுதலை என்று மடிக்கணினியோடு சிரிக்கும் விளம்பரப் பெண்ணைப் பார்க்கும்போது எனக்கும் எரிச்சல்தான் வருகிறது. குறைந்த கூலியை எந்தத் திட்டமிடலும் நிமிர்த்தாது. கூலியைக் கேட்க வேண்டிய இடம் வேறு.

ஆனாலும் ஏழைப் பெண்ணுக்குப் பணம் பற்றிய யோசனை தேவைப்படாது என்பது பணக்காரர்கள் நினைப்பு. நுண்கடன் தவணை, தீபாவளிச் சீட்டு, அடகு வட்டி, சுயஉதவிக் குழுக் கணக்கு என்று அவள் ஒரு வாரத்தில் எடுக்கும் நிதி முடிவுகளை நான் ஒரு ஆண்டில் எடுப்பதில்லை. 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கணக்கை உரக்க வாசிக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தன. பேயரின் சோதனையை அவர்கள் படிக்காமலேயே நடத்திக்கொண்டிருக்கிறார்கள். குழுவுக்குள் திறந்து வாசிக்கும் அதே பெண்ணுக்கு வீட்டுக்குள் கணவரின் கடன் எவ்வளவு என்று தெரியாது.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் 12ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அதன்படி எந்தப் பெண்ணும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி கேட்கலாம். வழக்கு வந்தபின் வழக்கறிஞர் உண்டு. வழக்கு வராமல் காக்கும் கணக்கைப் பார்த்துச் சொல்ல, விற்பதற்கு எதுவும் இல்லாத ஒருவர் அரசு செலவில் ஏன் இருக்கக் கூடாது? நிதி எழுத்தறிவு முகாம்கள் நடக்கின்றன, உண்மை. மேடையில் நின்று கூட்டு வட்டியை விளக்குவது வேறு, ஒருத்தியின் மஞ்சள் பையிலுள்ள காகிதத்தை எடுத்துப் பார்ப்பது வேறு.

வணிகவியல் துறை ஆசிரியை ஒருவரும் நானும் அப்படிப் பார்க்கும் வேலையை, சிறிய அளவில், சென்ற பருவத்தில் தொடங்கினோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கல்லூரி வாசலுக்கு எதிரிலுள்ள சமுதாயக் கூடத்தில் ஒரு மேசை, இறுதியாண்டு மாணவிகள் நான்கு பேர். நாங்கள் முதலீட்டு ஆலோசனை சொல்வதில்லை. அதற்கான பதிவும் எங்களிடம் இல்லை. கொண்டுவரும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்கிறோம், அந்தக் கட்டத்தை நிரப்பிக் கொடுக்கிறோம். முதல் நாள் பதினொரு பேர் வந்தார்கள். பூக்கட்டும் அக்கா ஒருவர் கணவரின் பாலிசிப் பத்திரத்தை நீட்டி, "இதுல என் பேரு எங்க இருக்குன்னு காட்டு பாப்பா" என்றார். மாணவி இரண்டு முறை புரட்டிப் பார்த்தாள். திருமணத்துக்கு முன் எடுத்த பாலிசி. நாமினி என்ற இடத்தில் கணவரின் அம்மா பெயர் இருந்தது. அவர் இறந்து ஆறு ஆண்டு ஆகிவிட்டதாம். பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்து யார் போட வேண்டும் என்று அக்கா கேட்டார். பாலிசி எடுத்தவர்தான் போட வேண்டும் என்று மாணவி சொன்னாள். அடுத்த சனிக்கிழமை அவரையும் கூட்டி வருவதாகச் சொல்லிப் படிவத்தை மடித்துப் பூக்கூடைக்குள் வைத்துக்கொண்டார்.